செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. கோண்டாவிலில் இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டரை வருடம் படுக்கையில். நான்தான் பார்த்தேன். மாசி மாதம் அம்மா போய்விட்டா. செத்தவீட்டில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீடியோ எடுத்த பொடியன், "அக்கா, ஒருக்கா அம்மாவின்ர முகத்துக்குக் கிட்ட வந்து நில்லுங்கோ, கனடாவில அண்ணா பார்க்கிறார்" என்றான். போய் நின்றேன். அப்போதும் வரவில்லை. திரைக்குள் அண்ணா குழறி அழுதார். "உவள் கல்லுப்போல நிக்கிறாள்" என்று பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. பிரேதம் படலை தாண்டியதும் நான் வீடு கழுவத் தொடங்கிவிட்டேன்.

31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் அம்மாவின் நினைவுப் புத்தகம், அச்சாகி வந்தது. என் பெயரைப் போட்டு "மகள் புலம்பல்" என்று ஒரு பாட்டு. எழுதியவர் அம்மாவைக் கண்டதே இல்லை. அதில் "தலைவாரிப் பின்னலிட்ட தாயே" என்ற வரிக்கு வந்ததும் உடைந்துபோனேன். அரை மணித்தியாலம் விக்கி விக்கி அழுதேன். அம்மாவின் உடலுக்கு வராத அழுகை, காசு கொடுத்து எழுதுவித்த பாட்டுக்கு வந்தது என்றால் என் துக்கம் பொய்யா? இன்னொன்று: மூச்சு நின்றதும் என் மனதில் முதலில் வந்தது "அப்பாடா" என்பதுதான். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சிரிக்கிறேன், அதுவும் நடிப்பாகத்தான் தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு இப்பவும் அலாரம் இல்லாமல் விழிப்பு வருகிறது. எழும்பி இரண்டடி வைத்த பிறகுதான் கட்டில் வெறுமை என்று தெரியும். மற்றபடி நித்திரைக்குக் குறைவில்லை. அந்தக் கட்டிலைச் சுன்னாகத்தில் ஒரு குடும்பம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்:

அன்பான தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் எல்லாரையும்போல நானும் செத்தவீட்டுக் காட்சியிலேயே நின்றுவிட்டேன். மூன்றாம் தரம்தான் "மற்றபடி நித்திரைக்குக் குறைவில்லை" என்று நீங்கள் தட்டிவிட்டுப் போன இடம் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அன்றைய காலையைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அண்ணா கனடாவில் இருக்கிறார், பெரியம்மா இருக்கிறா. வேறு ஒருவரையும் காணவில்லை. அப்படியென்றால் குருக்களுக்கு அறிவித்தது, பந்தலுக்கும் கதிரைக்கும் சொன்னது, கிரியைக்குச் சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் எடுத்து வைத்தது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போகிறதா என்று பார்த்தது, அம்மாவுக்கு எந்தச் சேலை உடுத்துவது என்று அலுமாரியைத் திறந்தது, எல்லாம் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். பொறுப்பு முழுக்கத் தலையில் இருக்கிற நேரத்தில் உடல் அழுகைக்கு இடம் கொடுக்காது. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தாயைக் கூப்பிடும்வரை அது வாய் திறக்காமல், கண்ணை விரித்துக்கொண்டு நிற்கும். தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து தூக்கியதும்தான் ஊர் கேட்கக் குழறும். பயம் இருந்தது தனியே நின்றபோது. அழுகை வந்தது ஒரு தோள் கிடைத்தபோது. கண்ணீர்ச் சுரப்பியை இயக்குகிற நரம்புகளும் உடலை ஆறவைக்கிற பக்கத்து நரம்புகள்தான். ஓடிக்கொண்டிருக்கிறவர் பெரும்பாலும் அழுவதில்லை. நின்ற பிறகு அழுவார்.

உங்களுக்கு நிற்க இடம் கிடைத்தது 31க்குப் பிறகு. கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுப் போய், பாத்திரம் திருப்பிக் கொடுத்து, கையில் ஒரு புத்தகத்தோடு தனியே இருந்தபோது.

இனி அண்ணா. அவர் அழுததைப் பற்றிக் குறையாக நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் வரிகளுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது: இரண்டரை வருடம் பார்த்தவள் நான், அழுகை மட்டும் அவருக்கா? இங்கே காலை 11 மணி என்றால் மாசி மாதத்தில் ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. வெளியே பனி. அவருக்கு இடிக்கச் சுண்ணம் இல்லை, ஊற்றத் தேத்தண்ணி இல்லை, தூக்கப் பாடை இல்லை. கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் இருந்தார். அழுவதைத் தவிர அவரால் தாய்க்குச் செய்யக்கூடியது அன்று வேறொன்றும் இல்லை. அவருடைய அழுகையும் மெய்தான். நீங்கள் வீடு கழுவியதும் மெய்தான். ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது.

பெரியம்மாவின் பேச்சையும் கொஞ்சம் இரக்கத்தோடு கேளுங்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டு அழுகை ஒரு கடமை. உள்ளே வருகிற பெண், வீட்டுப் பெண்ணைக் கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லி அழவேண்டும். வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழவேண்டும். அந்தக் கடமை நடக்காதபோது வந்தவர்களுக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் போகும். பெரியம்மா பேசியது அந்தத் தடுமாற்றத்தில். உங்கள் நெஞ்சைத் திறந்து பார்த்து அவ சொல்லவில்லை.

"அப்பாடா" என்பதைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே சிறுத்துவிட்டது. நான் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நெடுநாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்த மகள், மனைவி, மருமகள் என்று என் முன்னால் இருந்தவர்களில் கனபேர் இதைத்தான் கடைசியாக, கதவடிக்குப் போன பிறகு திரும்பி வந்து, மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த "அப்பாடா"வுக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். அம்மாவின் நெஞ்சுக்குள் கரகரத்த சளி நின்றது. ரியூப் மாற்றும்போது அவ முகம் சுளிப்பது நின்றது. படுக்கைப்புண் கழுவும்போது வருகிற அந்த முனகல் நின்றது. ஆம், உங்கள் நாரி நோவுக்கும் ஒரு ஓய்வு வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதில் குற்றம் இல்லை. நிம்மதியும் துக்கமும் ஒரே வாசலால் வருகிறவை. முதலில் நுழைந்தது நிம்மதி என்பதால் பின்னால் வந்த துக்கம் போலியாகிவிடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா விழுந்த முதல் மாதங்களில் நீங்கள் அழுதீர்களா? கடிதத்தில் அது இல்லை. அம்மாவின் வாய் கோணி, உங்கள் பெயரைச் சொல்ல வராமல் போன நாள் ஒன்று இருந்திருக்கும். கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு நின்ற ஒரு பின்னேரம் இருந்திருக்கும். நெடுநாள் நோயில் சாவு ஒரே நாளில் வருவதில்லை. பேச்சு போகும், நடை போகும், பிறகு ஆளை மட்டுக்கட்டுகிற பார்வை போகும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சின்னச் செத்தவீடு நடக்கும், பறை இல்லாமல், பந்தல் இல்லாமல். அங்கேயே நீங்கள் பாதி அழுது முடித்திருக்கலாம். ஊர் அதைக் காணவில்லை.

இனிக் கல்வெட்டு. உங்கள் மனதை அதிகம் அரித்தது இதுதான் என்று நினைக்கிறேன். கூலிக்கு மாரடிப்பது என்று ஒரு சொல் எங்களிடம் உண்டு. மனம் ஒட்டாமல் செய்கிற வேலைக்கெல்லாம் அதைச் சொல்கிறோம். அந்தச் சொல் காதில் இருப்பதால், வாங்கிய வார்த்தைக்கு வந்த கண்ணீரும் வாங்கிய கண்ணீர் என்று உங்களுக்குப் படுகிறது.

"தலைவாரிப் பின்னலிட்ட தாயே" என்ற வரி நூறு கல்வெட்டில் இருக்கும். குலமரபு, திதி வெண்பா, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எழுதுகிறவர் பெயரையும் ஊரையும் மாற்றிப் போடுவார். ஆனால் அந்த வரியை வாசித்தவர் யார்? சின்னவயதில் அம்மா தலை இழுத்துப் பின்னிவிட்ட பிள்ளை. பிறகு இரண்டரை வருடம் அம்மாவுக்குத் தலை இழுத்துவிட்ட மகள். படுக்கையில் கிடப்பவருக்குத் தலை இழுப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். ஒரு கையால் கழுத்துக்கு அடியில் தாங்கி, சிக்கு இழுபடாமல் நுனியிலிருந்து மேலே வரவேண்டும். பின்மண்டையில் தலையணை உரசி உரசி முடி கொட்டிய இடத்தைச் சீப்புப் படாமல் விலக்க வேண்டும். பாட்டு எழுதியவருக்கு அது தெரியாது. அவர் எழுதியது ஒரு வெற்றுப் பாத்திரம். அதற்குள் இருந்தது முழுக்க உங்களுடையது.

ஒப்பாரியும் அப்படித்தான். ஒப்புச் சொல்லுகிற கிழவிகள் புதிதாக ஒன்றும் புனைவதில்லை. "என்னைப் பெத்த ராசாத்தி" என்று தொடங்கும் அடிகள் அவர்களுடைய தாய்க்கும் பாட்டிக்கும் வாயில் இருந்தவை. சாவீட்டுக்கு வந்த பெண் அந்த அடிகளைப் பிடித்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு முன் போன தன் பிள்ளைக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போவாள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. துக்கத்துக்குச் சொந்த வார்த்தை கண்டுபிடித்தால்தான் அது மெய்யென்று ஒரு விதி இருந்தால், இந்தக் குடாநாட்டில் பாதிப்பேர் அழமுடியாமல் போயிருப்பார்கள்.

உங்கள் வயதுக்காரர் பற்றி ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது உங்களுக்குப் பதின்மூன்று வயதளவில் இருந்திருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பங்கருக்குள் "சத்தம் போடாதை" என்று கேட்டு வளர்ந்தவர்கள். அவசரமாகப் புதைத்துவிட்டு நடந்த சாவுகளைக் கண்டவர்கள். உங்களுக்கும் அப்படி என்று நான் ஊகிக்கவில்லை, நீங்கள் எழுதவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் கண்ணீர் வராததைச் சொல்லி வெட்கப்படுகிறவர்கள் பலர் அந்த வயதுக்காரர். அழாமல் இருக்கப் பழகிய உடலை இரக்கமில்லாத உடல் என்று சொல்லக்கூடாது.

பள்ளிக்கூடச் சிரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்த ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1983இல் இப்படியான வேலையில் இரண்டு வகை நடிப்பு உண்டு என்று எழுதினார். ஒன்று முகத்தில் மட்டும் பூசுகிற சிரிப்பு. மற்றது, எதிரே நிற்பவர்மேல் உள்ளேயே ஒரு கனிவை வரவழைத்துச் சிரிப்பது. வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்போது வருகிற சிரிப்பு எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கென்னவோ அது நடிப்பே இல்லை என்று படுகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கம் கொஞ்சம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்சம் என்று போய்வருவார்கள். அந்தப் போக்குவரத்துத்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது. துயரத்தை ஆராய்கிற மார்கரெட் ஸ்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். காலையில் சிரித்து இரவில் விழிக்கிறவர் இரண்டு முகம் உள்ளவர் இல்லை.

இனி இரவு இரண்டு மணி.

தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடலும்தான். தொல்காப்பியம் உணர்ச்சியைப் பேசும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். உள்ளத்தில் உள்ளது மெய்யில் படுவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாட்டில் அழுகை ஒன்று, அந்த அழுகைக்கும் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு தெரியும். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது. உங்களுக்கு இழவும் இருக்கிறது, அசைவும் இருக்கிறது. அம்மா போனா. அவவோடு, இரண்டரை வருடம் அவவைச் சுற்றி ஓடிய அந்த மகளின் நாளும் பொழுதும் போய்விட்டது. இரண்டாவது இழப்புக்குச் செத்தவீடு வைக்க எங்களிடம் சடங்கில்லை.

உணர்ச்சிக்கும் உடலுக்கும் என்ன தொடர்பு என்று மேல்நாட்டிலும் நெடுநாள் வாதாடினார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல், துக்கப்படுவதால் அழுகிறோம் என்பது தலைகீழ், அழுவதால்தான் துக்கப்படுகிறோம், உடலில் நடக்கும் மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சி என்று எழுதினார். உடலியலாளர் வால்டர் கானன் 1927இல் அதை மறுத்தார். நெஞ்சு படபடப்பது பயத்திலும் வரும், கோபத்திலும் வரும், காய்ச்சலிலும் வரும், உடல்மாற்றத்தை மட்டும் வைத்து எந்த உணர்ச்சி என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. இரண்டு பேரிடமிருந்தும் எனக்கு ஒவ்வொன்று உதவுகிறது. உடலைக் கேட்க வேண்டும். அதோடு உடல் யாரை நோக்கித் திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டும்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஆளைத் திருப்பவேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். மற்ற நேரங்கள் எப்படியோ, இரண்டு மணி உங்கள் உடலில் பதிந்துவிட்டது. அது வெறும் பழக்கம், துக்கமில்லை என்று நீங்கள் சொல்லலாம். விழிப்பு பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டடி வைத்துவிட்டுக் கட்டில் வெறுமை என்று தெரிகிற அந்த நொடியில் என்ன நடக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை. அந்த நேரம் வீடியோக்காரர் இல்லை, பெரியம்மா இல்லை, அண்ணா பார்க்கவில்லை. ஒருவருக்கும் காட்ட வேண்டிய தேவையில்லாமல், கூப்பிடாமல், உங்கள் கால் அம்மாவிடம் போகிறது. நான்கு மாதமாகப் போகிறது. உண்மையா பொய்யா என்று நீங்கள் தேடுகிற துக்கம் அந்த இரண்டடியில் இருக்கிறது, தங்கச்சி. கண்ணீர் இல்லாததால் நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த தரம் விழிப்பு வந்தால் வெளிச்சத்தைப் போட்டுக் கைபேசியை எடுக்காதீர்கள். கட்டிலடிக்குப் போங்கள். கொஞ்சம் இருங்கள். அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டால் வருவிக்க வேண்டாம். கை எதையாவது செய்ய விரும்பினால், விரிப்பை இழுத்துச் சரிசெய்யவோ தலையணையைத் திருப்பவோ விரும்பினால், விடுங்கள். ஒரு கிழமை அப்படிச் செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடு கதையுங்கள். திரையில் அவர் என்ன கண்டார் என்று கேளுங்கள். இந்த இரண்டு மணிக் கதையையும் சொல்லுங்கள். அம்மாவின் கடைசி இரண்டரை வருடம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அழுகை மட்டும் வராதது வேறு, எதுவுமே தட்டாதது வேறு. சாப்பாட்டில் ருசி இல்லை, பிள்ளைகளின் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது, நாள்முழுக்க மரத்துப்போன மாதிரி இருக்கிறது, இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. இரவு நேரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். ஏற்கனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவராக இருந்தால், அந்த மருந்துகளில் சில அழுகையையும் சிரிப்பையும் மழுங்கச் செய்யும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாறாத கடும் துயரத்தை நோயாகக் கணிப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் பார்க்கிறது. நீங்கள் நான்காம் மாதத்தில் நிற்கிறீர்கள். பள்ளிக்கூடம் போகிறீர்கள், வரி விடாமல் கடிதம் எழுதுகிறீர்கள். உங்களை நான் நோயாளியாகப் பார்க்கவில்லை.

கட்டில். கொடுங்கள். ஆனால் இந்தக் கிழமையே ஏற்றி அனுப்ப வேண்டாம். நான் மேலே சொன்ன ஏழு இரவும் போகட்டும். பிறகு சுன்னாகத்துக்கு நீங்களும் கூடப்போங்கள். காற்று மெத்தை இருந்தால் அதையும் கொண்டுபோய், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று காட்டுங்கள். அங்கே பார்க்கப் போகிறவர் யார் என்று கேட்டு, அந்தப் பிள்ளையைக் கட்டிலடிக்குக் கூப்பிடுங்கள். ஆளை இழுக்காமல், விரிப்போடு சேர்த்துத் திருப்புவது எப்படி, முதுகுக்குப் பின்னால் தலையணையை எங்கே முட்டுக்கொடுப்பது, குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் எதை மடித்து வைப்பது என்று ஒருக்கா செய்து காட்டுங்கள். அவளுக்கு அலாரம் வைக்கச் சொல்லுங்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.

அன்புடன்,
அக்கா